ஒரு கட்டம் முன்னால்

கணிப்பொறி நிலையத்தின் பக்கச் சுவரில் பெட்டிக்கடை ஜன்னல் அளவுக்கு ஒரு ஜன்னல். காலை ஒன்பது மணிக்கு அது திறக்கும். துளையிட்ட அட்டைகளின் கட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போனால் சாயங்காலம் நாலு மணிக்கு அதே ஜன்னல் வழியாகக் கட்டும் அச்சுத்தாளும் திரும்பி வரும். நடுவில் உள்ள ஏழு மணி நேரமும் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் பீரோ பீரோவாக இயந்திரம் நிற்பதும், குளிரூட்டிய காற்று ஜன்னல் இடுக்கில் வந்து விரலைத் தொடுவதும்தான் தெரியும்.

"வாங்க வெள்ளக்காரம்மா" என்றார் ஜன்னல்காரர். ஆற்று அலுவலகத்தில் வெள்ளக் கணக்குப் போடுகிறவள் என்பதால் அவர் வைத்த பெயர். அதற்கும் அவள் தோலின் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதாலேயே பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

"ஓடிச்சா?"

"எங்க ஓடுச்சு? நின்ன எடத்துலயே நின்னுடுச்சு."

அச்சுத்தாளைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் அவளுடைய புரோகிராம் வரி வரியாக அச்சாகியிருந்தது. கடைசியில் ஒற்றை வரி: நாற்பத்தி இரண்டாம் வரியில் பிழை. அந்த வரியில் பூஜ்யச் சுழி இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்து இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இயந்திரத்துக்கு இல்லை. ஒரு சுழிக்காக ஒரு நாள் போயிற்று.

அது முதல் நாள். இரண்டாம் நாள், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கால்புள்ளி. மூன்றாம் நாள் அதுகூட இல்லை. வெளியே விட்டுவிட்டு மழை. அட்டைகள் ஈரம் குடித்து உப்பி, வாசிக்கும் இயந்திரத்தின் வாயில் சிக்கிக்கொண்டன. பதினாலு அட்டைகள் அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தன. "ஒங்க ஆறு இங்கயே வந்துடுச்சும்மா" என்றார் ஜன்னல்காரர். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பதினாலையும் திரும்ப அடித்து வாங்கி, கட்டை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு நாலாம் நாள் வந்தாள்.

விஷயம் இதுதான். ஆற்றின் தாழ்ந்த கரையில் ஒரு சுவர் எழுப்பப் போகிறார்கள். சுவர் எவ்வளவு உயரம் என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. பெரிய எஞ்சினியர் கையில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அது முப்பது அடி என்கிறது. அதெல்லாம் போதாது, இருபத்திரண்டு வருஷத்து நீர்மட்டத்தையும் ஏழு அளவுநிலையங்களிலிருந்தும் எடுத்து இயந்திரத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று எழுந்து நின்று சொன்னவள் இவள். ஆறாயிரம் அட்டைக்குப் பக்கம். ஒரு அட்டையில் பத்து நாள் நீர்மட்டம். எல்லாவற்றையும் அவள் பென்சிலால் கட்டத்தாளில் எழுதிக்கொடுக்க, பஞ்சிங் ஹாலில் இருந்த பெண்கள் அதைப் பார்த்து அட்டையில் துளையாக அடித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார். வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சின்னவள் இவளோடு பேசி இருபத்தைந்து நாளாகிறது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. இரண்டு அறை, ஒரு கூடம், ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் ஒதுங்க வேண்டிய சமையலறை. சின்னவள் அதிலும் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். அண்ணி உள்ளே வந்தால் அவள் வெளியே போய்விடுவாள். தண்ணீர்ச் செம்பை அண்ணி கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பாள். காலையில் இருவருக்கும் ஒரே பஸ். சின்னவள் முன்வாசலில் ஏறினால் இவள் பின்வாசலில் ஏறுவாள். மாமியார் நடுவில் கிடந்து அவதிப்பட்டார். யாரையும் நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் பாத்திரங்களோடு பேசினார். "ஏய் வாணலி, இந்த வீட்ல வாய் இருக்கறது ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான்" என்பார், அடியைச் சுரண்டிக்கொண்டே. கணவன் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தான். எந்தக் கடிதம் எந்த ஊருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எறிவான். வீட்டில் யார் பக்கம் நிற்பது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நில அளவையாளன் ஒருவன் சின்னவளை விரும்பிக் கல்யாணத்துக்குக் கேட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தாயார் வீட்டைப் பார்க்க வந்தார். டீ குடித்துவிட்டு, கோப்பை கழுவ உதவுகிறேன் என்று சமையலறைக்குள் நுழைந்தவர் இவளிடம் கேட்டார், "ரெண்டு தடவ கூப்பிட்டேன், பொண்ணு திரும்பியே பாக்கலியே. கூச்சமா?" இவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "கூச்சமெல்லாம் இல்லீங்க. சின்ன வயசுக் காய்ச்சல்ல அவளுக்கு வலது காது போயிடுச்சு. எடது பக்கமா பேசுங்க, நல்லாக் கேக்கும்" என்றாள். கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரிதான் அவளுக்கு இருந்தது. அந்த அம்மாள் தலையாட்டினார். மறு வாரம் வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. அதில் காது என்ற வார்த்தையே இல்லை.

நாலாம் நாள் புரோகிராம் ஓடிவிட்டது. அச்சுத்தாள் வழக்கம்போல ஜன்னலுக்கு வராமல், அவசரம் என்று யாரோ எழுதிவைத்திருந்ததால், பன்னிரண்டு மணிக்கே நேராகப் பெரிய எஞ்சினியர் மேசைக்குப் போய்விட்டது. அவள் மூச்சிரைக்கப் படியேறிப் போனபோது அவரைச் சுற்றி நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா. முன்னூத்திப் பதினாலு அடியாம் வெள்ளம். எங்க பூட்டன் காலத்துல இருந்து இந்த ஆறு கரையில நாலு தடவதான் ஏறியிருக்கு. நீ என்னடான்னா மணிக்கூண்டு மேல கப்பல் விடுற."

"சார், எங்கியோ ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிச்சிடறேன்."

"எங்கியோன்னா எங்க? ஆறாயிரம் அட்டையில எங்க?"

அவள் அச்சுத்தாளைச் சுருட்டிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வரிசையாகப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ரொட்டி டப்பாவைத் திறக்கவில்லை. நாலாவது அளவுநிலையத்தில் மூன்று வருஷம் மட்டும் நீர்மட்டம் எல்லாம் பத்து மடங்காக இருந்தது. பன்னிரண்டு அடி நூற்றிருபது அடியாகியிருந்தது. அந்த அட்டைகளை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எண்கள் எல்லாம் ஒரு கட்டம் முன்னால் தள்ளித் துளையிடப்பட்டிருந்தன. எண்ணுக்குப் பின்னால் விழுந்த வெற்றிடத்தை இயந்திரம் சுழியாகப் படித்துக்கொண்டது. நூற்றிப் பதினோரு அட்டைகள். ஒன்றிரண்டு என்றால் கை தவறியது எனலாம். நூற்றிப் பதினொன்றும் ஒரே மாதிரி கை தவறுமா? அட்டை அடித்த ஆளின் குறியெழுத்து கட்டின் மேல் சீட்டில் இருந்தது. சின்னவளுடையது.

இவளுக்குக் காது மடல் சூடேறியது. நாலு நாள் ஜன்னலில் நின்ற கால்வலி, படியேறிக் கேட்ட சிரிப்பு, இருபத்தைந்து நாள் மேசையில் வைக்கப்பட்ட தண்ணீர்ச் செம்பு, எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துகொண்டன. அட்டைகளை ரப்பர் வளையம் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விளக்கு வைக்கும் நேரம். மாமியார் அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். கணவன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். சின்னவள் மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். இவள் அட்டைக் கட்டைத் தட்டுகளுக்கு நடுவில் பொத்தென்று போட்டாள்.

"வேணும்னேதானே செஞ்சே?"

சின்னவள் கட்டைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? எம்மேல கோவம்னா எங்கிட்டக் காட்டு. கஞ்சியில உப்ப அள்ளிப் போடு, எம் பொடவயக் கிழி. ஆத்தங்கரையில ஆயிரம் குடும்பம் இருக்கு, அவங்க என்ன பண்ணாங்க ஒன்ன?"

"அடியே, மெதுவா" என்றார் மாமியார் உருளைக்கிழங்கிடம்.

சின்னவள் ஒரு அட்டையை உருவினாள். விளக்கடியில் பிடித்து, அதன் வலது ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். அங்கே அரைநெல் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தது.

"இது என்னன்னு தெரியுமா அண்ணி?"

இருபத்தைந்து நாள் கழித்து வந்த முதல் 'அண்ணி'. குரல் சாதாரணமாக இருந்ததுதான் இவளை என்னவோ செய்தது.

"நான் அடிச்சத, இன்னொருத்தி அதே தாளப் பாத்து மறுபடி அடிச்சுச் சரிபார்ப்பா. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் இந்தப் பள்ளம் விழும். நூத்திப் பதினொண்ணுலயும் இருக்கும், பாத்துக்கோங்க. தாள்ல என்ன இருந்துச்சோ அதுதான் அட்டையில இருக்கு. தாள எழுதினது யாரு?"

தாளை எழுதியது யார் என்பது இவளுக்குத் தெரியும். அந்தக் கடிதம் வந்த மறுநாள் மண்டையிடியோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிய ஐந்து தாள்கள். நாலாவது நிலையம். எந்தக் கட்டத்தில் தொடங்கினோம் என்று பார்த்த ஞாபகம்கூட இல்லை.

"அடிக்கும்போதே பாத்தேன்" என்றாள் சின்னவள். "மூணாவது அட்டையிலயே கை சொல்லிடுச்சு, ஒரு கட்டம் முன்னாடி போகுதுன்னு."

"பாத்தியா? பாத்துட்டா சும்மா இருந்தே?"

"எழுதினத எழுதினபடியே அடிக்கணும், சொந்த யோசனை கூடாதுன்னு ஹால் சுவத்துல ஒட்டியிருக்கு. ஆறு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு ஒங்க தாளத் திருத்தி அடிச்சுட்டான்னு மேல எழுதிப் போட்டு, அத ஒட்ட வச்சதே நீங்கதான். அவ ஒரு வாரம் அழுதா."

"அது வேற. இது… வீட்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. வாயத் தொறந்து ஒரே ஒரு வார்த்த."

"நீங்க அன்னிக்கு வாயத் தொறந்தீங்க, என் கல்யாணம் போச்சு. நான் வாய மூடிக்கிட்டேன், ஒங்க ஒரு நாள் போச்சு. ரெண்டும் ஒண்ணா அண்ணி?"

கணவன் சட்டையைப் பிழிவதை நிறுத்தியிருந்தான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா கேட்டாங்க. நான் பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்லச் சொல்லல. அவகிட்டயே கேளுங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? அவருகிட்ட நானே சொல்றதா இருந்தேன். அடுத்த ஞாயித்துக்கெழம. எப்படிச் சொல்லணும்னு ரெண்டு வாரமா மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டிருந்தேன். நான் சொல்லி அவரு வேணாம்னு போயிருந்தா, போகட்டும். ஆனா நானில்ல சொல்லியிருக்கணும்? எங் காது அண்ணி அது."

சொல்லிவிட்டுத் தட்டுகளைச் சரியாக நகர்த்திவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு உருளைக்கிழங்கு ஆறிப்போயிற்று. யாரும் யாரையும் சாப்பிடு என்று சொல்லவில்லை.

மறுநாள் புதன்கிழமை. விடியும் முன்பே எழுந்து, அந்த ஐந்து தாள்களையும் புதிதாக எழுதினாள், ஒவ்வொரு கட்டத்தையும் பென்சில் முனையால் எண்ணி. எட்டு மணிக்குப் பஞ்சிங் ஹாலுக்குப் போனபோது மேற்பார்வையாளர் உதட்டைப் பிதுக்கினார். "வரிசையில வைங்க. சம்பளப் பட்டியல் அட்டை குவிஞ்சு கெடக்கு. வெள்ளிக்கிழம பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமை எதுக்குங்க? நாளைக்குக் கூட்டம்."

"அது ஒங்க கூட்டம்."

ஹால் முழுக்க இருபது இயந்திரங்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. தகரக் கூரையில் கல்மாரி பெய்கிற சத்தம். தரையெல்லாம் அரிசிக் குருணை மாதிரி அட்டைத் துளைகளின் பொடி. ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்குக் கேட்காது. ஆகவே அங்கே எல்லோருமே உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். மூன்றாவது வரிசையில் தன் ஷிப்டுக்காகக் காத்திருந்த சின்னவள் தலையை நிமிர்த்தி அண்ணியையும் மேற்பார்வையாளரையும் பார்த்தாள். எழுந்து வந்தாள். தாள்களைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எட்டரைக்குத்தான என் ஷிப்ட் தொடங்குது? அதுவரைக்கும் என் கை என்னோடது" என்றாள் மேற்பார்வையாளரிடம்.

அவள் அடிப்பதை இவள் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. இடது கை தாளின் வரியைப் பிடித்து இறங்க, வலது கையின் மூன்று விரல்கள் மட்டும் ஓடின. கண் விசையைப் பார்க்கவே இல்லை. அட்டை ஒன்று வந்து நிற்கும், துளைபட்டு நகரும், அடுத்தது வரும். எட்டரைக்குள் முடியவில்லை. மணி அடித்ததும் பக்கத்து இயந்திரத்துப் பெண் ஒன்றும் கேட்காமல் இரண்டு தாளை எடுத்துக்கொண்டாள். ஆறு மாசம் முன்பு ஒரு வாரம் அழுத பெண் அவள்தான் என்று இவளுக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தால் அங்கே நின்றிருக்க முடியாது. மேற்பார்வையாளர் எங்கோ பார்த்துக்கொண்டு கனைத்துவிட்டுப் போனார். ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நூற்றிப் பதினோராவது அட்டை விழுந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல்காரர் தாளை நீட்டினார். "இன்னிக்கு ஓடுச்சும்மா. முழுசா ஓடுச்சு."

முப்பத்தொன்றரை அடி. சொல்லப்போனால் அதற்கும் ஒரு விரல்கடை மேலே.

பெரிய எஞ்சினியர் தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"நேத்து முன்னூத்திப் பதினாலு. இன்னிக்கு முப்பத்தொண்ணரை. நாளைக்கு இன்னொரு அட்டைய மாத்தினா இருபத்தஞ்சுன்னு வருமா?"

"எழுதும்போது கட்டம் தள்ளிப்போச்சு சார். எந் தப்பு. எண்ணு எதையும் மாத்தல, எடத்த மட்டுந்தான் மாத்தினேன்."

"நீ சொல்றே. ஒங்கணக்குக்கு நீயே சாட்சின்னா நான் கூட்டத்துல எப்படிச் சொல்றது? அட்டை அடிச்ச ஆள வரச் சொல்லு."

வீட்டில் அதை எப்படிக் கேட்பது என்று இவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள். கடைசியில் சமையலறை வாசலில் நின்று, "நாளைக்குக் கூட்டத்துக்கு அட்டை அடிச்சவங்க வரணுமாம். ஒனக்கு இஷ்டம் இல்லாட்டி வேணாம்" என்றாள். சின்னவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எத்தன பேரு இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒம்பது பேரு."

கூட்டம் நடந்த அறை நீளமானது. மேசையின் இரண்டு பக்கமும் ஆட்கள், வெளியே மழை, மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. சின்னவளுக்கு ஒரு பக்க வரிசையின் கடைசியில் நாற்காலி போட்டிருந்தார்கள். வலது பக்கத்திலிருந்து ஒருத்தர் ஏதோ கேட்டார். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டார். யாரோ களுக்கென்றார்கள். இவளுக்கு வலது காது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள், கைக்குட்டையைச் சுருட்டி உள்ளங்கையில் நெரித்தாள்.

சின்னவள் சிரிப்பு வந்த திசையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அதே வரிசையின் மறு கடைசியில் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு வலது காது கேக்காது. இங்க இருந்தா எல்லாரும் எடது பக்கம் வந்துடுவீங்க. இப்பக் கேளுங்க."

கேட்டார்கள். அவள் பழைய அட்டை ஒன்றையும் புதிய அட்டை ஒன்றையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரு கட்டம் நகர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். துளைக்கு நேரே துளை. வெளிச்சம் சரஞ்சரமாக அந்தப் பக்கம் விழுந்தது. "எண்ணு அதேதான். எடந்தான் வேற. நூத்திப் பதினொண்ணையும் இப்படி வச்சுப் பாத்துக்கலாம். கொண்டுவந்திருக்கேன்." பெரிய எஞ்சினியர் நிஜமாகவே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். முப்பதாவது அட்டையில் அலுத்துப்போய் நிறுத்தினார்.

"சரி. கணக்கு சரின்னே வச்சுக்குவோம். ஆனா முப்பத்தொண்ணரைக்கு அஸ்திவாரத்தையே மாத்தணும். முப்பதும் வேணாம், முப்பத்தொண்ணரையும் வேணாம். முப்பத்தொண்ணுன்னு எழுதுங்க."

"சார், ஆத்தோட பேரம் பேச முடியாது" என்றாள் இவள்.

"ஆத்தோட பேசலம்மா, மேலிடத்தோட பேசறேன்" என்றார் அவர். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்ததும் இவள் அச்சுத்தாளை மறுபடி பிரித்தாள். அரை அடி. அந்த அரை அடி வழியாகத் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் இறங்கும் என்று அச்சுத்தாளில் அவளிடம் இருந்தது. ஆறாயிரம் அட்டை, நாலு நாள் ஜன்னல், மழை, சண்டை, எல்லாம் சேர்ந்து ஒரு அடி வாங்கித் தந்திருக்கிறது. மறுபடி எழுதிப் போட வேண்டும். மறுபடி ஒருத்தர் இடத்தை மாற்று, எண்ணை மாற்று என்பார்.

பஸ் நிறுத்தத்தில் கூரை ஒழுகியது. சின்னவள் கொஞ்சம் தள்ளி, தூணை ஒட்டி நின்றாள். பஸ் வருகிற வழியைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து, நடுவில் தேங்கிக் கிடந்த தண்ணீரைத் தாண்டி வந்து, தன் இடது பக்கம் அண்ணி இருக்கும்படி நின்றாள்.

"ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க."

"இல்ல. நெனைக்கல."

"கணிப்பொறி நிலையத்துல புரோகிராம் எழுதற பயிற்சிக்கு ஆள் எடுக்கறாங்க. நோட்டீஸ் போட்டிருக்கு. ஹால்ல இருந்து இதுவரைக்கும் யாரும் மனு போட்டதில்ல. நான் போடப்போறேன்."

இவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த நிலையத்தின் தலைவரை அவளுக்குத் தெரியும். தேர்வில் என்னென்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். யாரைப் பார்க்க வேண்டும், எதை முதலில் படிக்க வேண்டும், எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்குள் முண்டியடித்தன.

"அதுக்கு ஒங்ககிட்ட ஒரு உதவி வேணும் அண்ணி" என்றாள் சின்னவள்.

"சொல்லு. என்ன வேணா கேளு."

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவ்வளவுதான். கேட்டாலும் சொல்லாதீங்க."

இவள் வாயைத் திறந்தாள். பிறகு, சரி என்ற சொல்லைக்கூடச் சொல்லாமல், மூடிக்கொண்டாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. இருவரும் முன்வாசலிலேயே ஏறினார்கள்; உட்கார இடம் இல்லை.